கீழ் நம்பர்

திருச்சியில் அந்த மெடிக்கல் சென்டர் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்ஃபிட் போட்டிருக்காங்க. பிரஷர்தான். கீழ் நம்பர் ரொம்ப ஏறியிருக்கு. கொறைச்சுட்டு வாங்க, திரும்பப் பார்ப்பாங்க" என்றாள். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. முதல்முறையாக வெளிநாடு போகிறவர்கள். ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். நான் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வந்த காரியம் முடிந்தவன் மாதிரி வேகமாக வெளியே நடந்தேன்.

எனக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. சவுதியில் ஒரு பகாலாவில் பல வருஷம் வேலை பார்த்திருந்தேன். பகாலா என்றால் நம்மூர் மளிகைக்கடைதான், விடியும் முன்னே திறந்து ஊர் அடங்கிய பிறகு மூடுகிற கடை. நின்றுகொண்டே சாப்பிடுவேன். ரொட்டி, ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ், அதுதான் சாப்பாடு. அத்தனை வருஷத்தில் ஒருநாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. கடையை முதலாளி விற்றுவிட்டதால் ஊருக்கு வந்து, வேறு ஒரு கடைக்குப் புது விசா வாங்கியிருந்தேன். அதற்குத்தான் இந்த மெடிக்கல். திருச்சிக்குக் கிளம்பும் முன்னே பயணத்துக்குத் துணிமணிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் என் வயது ஆண் ஒருவன் பட்டப்பகலில் கடைத்தெருவில் நடந்தால், சலாம் சொன்ன கையோடு "எப்ப பயணம்?" என்று கேட்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. மெடிக்கலில் போய்விட்டது என்று சொன்னால்தான் ஆபத்து. பிரஷர் என்று நாம் சொல்வோம். காசநோயாக இருக்குமோ, வேறு ஏதாவதோ என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வார்கள். அதனால் விசாவில் ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிட்டது, திருத்தி வர லேட்டாகும் என்று சொல்லிவைத்தேன். என் மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் நம்பினாள். பள்ளிவாசலில் தெரிந்தவர்கள் கேட்கும்போது அதே பொய்யைச் சொல்ல வேண்டி வந்தது. தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே பொய் சொல்வது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். சில நாள் வீட்டிலேயே தொழுதேன்.

உடம்பில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் இதை ஒரு நோய் என்றே நான் நினைக்கவில்லை. மெஷினை ஏமாற்றினால் போதும் என்று நினைத்தேன். பூண்டு தின்றேன், எலுமிச்சைச் சாறு குடித்தேன், முருங்கைக்கீரை வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். மறுபடி மெடிக்கலுக்குப் போகிற அன்று காலையில், யாரும் என்னைத் தெரியாத ஒரு மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை கேட்டு வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். ரத்தம் எடுப்பார்களே என்று வெறும் வயிறு. அதே வரிசை, அதே மாதிரிப் பையன்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். எழுந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். என்னைச் சுற்றி ஷூக்களும் செருப்புகளும். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பேன்ட் நனைந்திருந்தது. அதுவும் தெளித்த தண்ணீர்தான் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. என்னைத் தூக்கி உட்கார வைத்தவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். எல்லாரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. நர்ஸ் இன்றைக்கு எதுவும் பார்க்க முடியாது, முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றாள். பையிலிருந்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் உட்காரச் சொன்னார். மூலம், உட்கார முடியாது என்று அவரிடமும் ஒரு பொய்.

டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. பெரம்பலூருக்குப் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது கண்ணில் படுவார்கள். திட்டக்குடி இன்னும் பக்கம், அங்கே கேட்கவே வேண்டாம். யோசித்து அரியலூரைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊர் ஆட்கள் வைத்தியத்துக்கு அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். பஸ் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் தலையெல்லாம் வெள்ளையாகிவிடும். அந்தத் தூசியில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதுகூட எனக்கு ஒரு நிம்மதியாக இருந்தது.

அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர். கையில் பட்டையைக் கட்டி, ஒரு தரம் பார்த்தார், கொஞ்சம் பொறுத்து மறு கையில் பார்த்தார். மேல் நம்பர் பரவாயில்லை, கீழ் நம்பர்தான் மோசம் என்றார். கீழ்தானே என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கிற அழுத்தம் மேல் நம்பர், தள்ளிவிட்டு அது ஓய்வெடுக்கிற நேரத்தில் மிச்சமிருக்கிற அழுத்தம் கீழ் நம்பர் என்று சொன்னார்.

"அந்த ஓய்வு நேரத்துலயும் ஒங்க ரத்தக்குழாய்க்கு ஓய்வு இல்லைங்க. இருபத்திநாலு மணி நேரமும் இறுகியே கெடக்கு. ஒங்க வயசுல நெறைய பேருக்கு இப்படித்தான் கீழ் நம்பர்ல ஆரம்பிக்குது. ஒண்ணும் தெரியாது. தெரியும்போது இதயமோ மூளையோ கிட்னியோ கெட்டிருக்கும்" என்றார்.

இதயத்துக்கு ஸ்கேன், கண்ணுக்குள் பார்ப்பது, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் எழுதினார். இதயத்தின் சுவர் கொஞ்சம் தடித்திருந்தது. சிறுநீரில் புரதம் லேசாக இறங்கியிருந்தது. சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், மாத்திரையை விடாமல் போடுங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாட்டை விடுங்கள், தினமும் நடங்கள் என்றார். மெடிக்கல் அன்றைக்கு மட்டும் பிரஷரைக் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குக் கூசிவிட்டது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போனபோதுதான் என் மச்சானைப் பார்த்தேன். என் மனைவியின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதலில் வெளிநாடு போனவர் அவர்தான். எனக்கு முதல் விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆறு மாதமாக ஊரில் இருந்தார். கம்பெனியில் நீண்ட லீவு கொடுத்திருக்கிறார்கள், ஒரு சிமெண்ட் லாரி வாங்கி விடலாம் என்று பார்க்கிறேன், அது விஷயமாக அடிக்கடி அரியலூர் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தப்பான பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு அறையின் கதவு திறந்திருந்தது. வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின், அதிலிருந்து சிவப்புக் குழாய்கள். ஓரக் கட்டிலில் மச்சான் படுத்திருந்தார். இடது கையை நீட்டி வைத்திருந்தார், குழாய்கள் அந்தக் கையில்தான் போய்ச் சேர்ந்தன. என்னைப் பார்த்தார். பார்த்த உடனே கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிற மாதிரி. நானும் பார்க்காதவன் மாதிரி திரும்பி நடந்தேன். கையில் இருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. என்னைப் பார்த்துவிட்டாரே, வீட்டில் சொல்லிவிடுவாரே என்றுதான் தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவர் போன் வந்தது. "பஸ் ஏறிட்டியா மாப்ள? ஏறலன்னா இரு. நான் முடிச்சுட்டு வரேன்" என்றார்.

வெகு நேரம் கழித்து வந்தார். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன். டீக்கடையில் எனக்கு டீ சொன்னார், தனக்கு வேண்டாம் என்றார். தண்ணீர்கூட அளவாகத்தான் குடிக்கவேண்டும் என்று அப்புறம் சொன்னார். நான் அவரைப் பின்தொடர்ந்து வந்ததாக அவர் நினைத்திருந்தார். என் சீட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் அதில் இருந்த கீழ் நம்பர்மேல் விரலை வைத்தார்.

"எனக்கும் இதேதான் மாப்ள. அங்க கம்பெனி டாக்டரு வருஷா வருஷம் சொன்னாரு. கீழ்தான் கூட இருக்கு, மேல் பரவால்லன்னாரு. கீழ்னா சின்னதுன்னு நெனச்சுட்டேன். மாத்திரை போட்டா வேலைய வுட்டு அனுப்பிருவானோன்னு பயம் வேற. ரெண்டு கிட்னியும் போன பொறவுதான் கால் வீங்குச்சு."

வீட்டில் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று அவர்கள் இருவரும் பயந்தார்கள். என்னிடம் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. "ஒன் சங்கதி எங்கிட்ட இருக்கட்டும், என் சங்கதி ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அதுதான் என்னைக் குனியவைக்கிறது. எனக்கு அத்தனை செய்த மனிதர் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறார், நான் என் ரகசியம் பத்திரமாக இருக்கிறதே என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்தே அரியலூர் போனோம். லாரி விஷயமாக. என் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் இவரையும் பங்கில் சேர்த்துக்கொள்கிறார், இனிமேல் வெளிநாடு போகவேண்டாம், கண்ணெதிரே இருப்பார் என்று நினைத்துவிட்டாள். லாரி என்ன கலர் என்று கேட்டாள். பின்னால் என்ன பெயர் எழுதப்போகிறீர்கள் என்று கேட்டாள். ஒவ்வொரு தொழுகையிலும் அந்த லாரிக்காகத் துஆ செய்தாள். இல்லாத ஒரு லாரிக்காக அவள் கையேந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் முற்றத்தில் நிற்பேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் என்னுடையதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் அவள் பின்மண்டை கனக்கிறது என்று அடிக்கடி துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். வெயில் என்று அவள் சொன்னாள். வேலையில்லாத புருஷனைப் பற்றிய கவலை என்று நான் நினைத்துக்கொண்டு அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். முந்தின நாள் பெருநாள் என்று மெஷினுக்குப் போகவில்லை. முகம் உப்பியிருந்தது. இறைச்சியைத் தொட்டுவிட்டு ஒதுக்கிவைத்தார். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் நிலைப்படியில் தடுமாறினார். என் மனைவி ஓடிப்போய் அவர் இடது கையைப் பிடித்தாள். பிடித்தவள் சட்டென்று விட்டுவிட்டாள். பிறகு மறுபடி, மெதுவாக, சட்டைக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னண்ணே இது? உள்ள வண்டு பறக்குற மாதிரி இருக்கு?"

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. ரத்தம் வேகமாக ஓடும், தொட்டால் அதிரும். மச்சான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. அவளே மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினாள். கயிறு மாதிரி புடைத்த நரம்பு, அதன்மேல் ஊசி குத்திக் குத்திக் கறுத்த தழும்புகள். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் திடுக்கிடல் இல்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியும்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். மச்சான்தான் எல்லாவற்றையும் சொன்னார். தன்னுடையதைச் சொன்னார், நான் குறுக்கே வந்து தடுப்பதற்குள் என்னுடையதையும் சொன்னார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டாள். திரும்பி வந்து, "லாரிக்கு நான் பேரு யோசிச்சு வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் எனக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள், உப்பில்லாமல். பேசவில்லை.

அவள் பேச ஆரம்பித்தபோது ஒரு முடிவோடு பேசினாள். அண்ணனுக்குத் தான் ஒரு கிட்னி கொடுப்பதாகச் சொன்னாள். மச்சான் வேண்டாம் என்றார், அவர் மனைவி அழுதாள். இவள் கேட்கவில்லை. திருச்சிக்குப் பரிசோதனைக்குப் போனோம். ரத்த வகை பொருந்தியது என்றதும் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று என்னால் எழுத முடியாது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு நர்ஸ் அவள் கையில் பட்டையைக் கட்டினாள். பார்த்துவிட்டு, கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். மறுபடி பார்த்தாள். இன்னொரு மெஷின் கொண்டுவந்து பார்த்தார்கள். மறுநாளும் வரச்சொல்லிப் பார்த்தார்கள்.

கீழ் நம்பர். என்னுடையதைவிட ஒன்றும் குறைவில்லை.

மெஷின் சரியில்லை என்று அவள் வாதாடினாள். நடந்து வந்த படபடப்பு என்றாள். தனக்கு ஒன்றுமே செய்யவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். நான் சொன்ன அதே வார்த்தைகள். அங்கே இருந்த டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன் இரண்டு கிட்னியும் உனக்கே வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். என் மனைவி யோசித்துவிட்டு, ஒரு வருஷம் இருக்கும் என்றாள். டாக்டர், குடும்பத்தைப் பற்றி முன்பே எழுதி வாங்கியிருந்த தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க பிரஷருக்கு மாத்திரை போடுறவர்தானே? ஒருதடவகூட இவங்களுக்குப் பார்க்கணும்னு தோணலையா?" என்றார். அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த மெடிக்கல் சென்டர் தரையில் கிடந்ததுகூட இந்த அளவுக்கு வலிக்கவில்லை. மாதம் தவறாமல் அரியலூர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று என் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நம்பரை ஒளிப்பதில் இருந்த கவனத்தில், பக்கத்தில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில், மெதுவாக அழு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிட்னி விஷயம் ஊருக்குள் தெரிந்து, மச்சானின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோனது. அவர் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவர் மாறிவிட்டார். ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று அரைக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒழுச் செய்யும்போது பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால், கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்வார். லீவில் வருகிறவர்களைப் பிடித்துவைத்து, பிரஷர் பார்த்தாயா, கீழ் எவ்வளவு என்று கேட்பார். சிலர் அவரைக் கண்டால் தெருவை மாற்றிப் போனார்கள். வேறு ஒரு நல்ல இடத்தில் மகளுக்கு நிக்காஹ் ஆனது. டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்த கையோடு பந்தலில் நின்று எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் வாரத்துக்கு மூன்று தடவை அரியலூர் போகிறார். வேறு கிட்னி இதுவரை கிடைக்கவில்லை.

மாத்திரையிலும் நடையிலும் என் கீழ் நம்பர் இறங்கிவிட்டது. மறுபடி மெடிக்கல் போயிருந்தால் ஃபிட் என்று வந்திருக்கும். அதற்குள் விசா காலாவதியாகிவிட்டது. நானும் வேறு தேடவில்லை. பெரம்பலூரில் ஒரு மொத்த மளிகைக்கடையில் வேலை பார்க்கிறேன். மச்சானைக் கூட்டிப்போக வேண்டிய நாளில் லீவு கொடுப்பார்கள்.

மாதம் ஒருதரம் நானும் என் மனைவியும் சேர்ந்து பிரஷர் பார்க்கப் போகிறோம். அவளுக்குத் தலைவலி நின்றுவிட்டது. பஸ்ஸில் நடந்ததைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள், "வுடுங்க" என்று சொல்லிவிடுவாள், அதோடு முடிந்துபோகும். அப்படி முடிந்துபோகக் கூடாது என்று இருக்கிறது. போன மாதம் நாங்கள் பெஞ்சில் காத்திருந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் பிரஷர் பார்க்க வந்து நின்றார். என் முகம் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அப்படித்தான் திரும்புகிறது. என் மனைவி அவருக்குச் சலாம் சொன்னாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கும் இடம் கொடுத்தாள்.